சுத்தியல் யார் தலையில் விழுந்தது?

ஆடித்தபசுக்குப் போயிருந்தபோது சங்கரன்கோவிலில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை. கூட்டத்துக்கு ஒதுங்கி டீக்கடை ஓரமாக நின்றபோது ஒரு விஷயம் சொன்னார்.

அவர் குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் தமிழ். ஒருவர் மட்டும் கண்ணூர்க்காரர். யார் தலையில் அவசர வேலை விழுகிறதோ, அன்றைக்கு அவருக்கு ‘நேசமணி’ என்று பட்டம்.

‘‘வடிவேலு காமெடிதானே அண்ணாச்சி... இதுல யார் மனசு நோகப்போகுதுன்னு இருந்துட்டோம்!’’

ஒருநாள் வேலை கண்ணூர்க்காரர் தலையில் விழுந்தது. ‘இன்னிக்கு நீங்கதான் நேசமணி’ என்று ஐந்து பேரும் சிரிக்க, அவரும் சிரித்தார். அரை விநாடி தாமதமாக! மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. ரெண்டு வாரம் கழித்துத் தம்பியிடம் மெதுவாகக் கேட்டாராம்: ‘‘அது என்ன, கெட்ட வார்த்தையா?’’

நோகடிக்க நினைக்கவில்லை, சரி. அத்தோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

2019 மே மாதம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டார்கள். நம்மாள் ஒருவர், கான்ட்ராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்தது இதுதான் என்று பதில் போட்டார். அவ்வளவுதான்... ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்று ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டது. நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே இருந்தவர்களோ, ‘யாருப்பா அவர், இப்போ எப்படி இருக்கார்?’ என்று முழித்தார்கள்.

சிரிப்பு ஒரு வீடு மாதிரி. உள்ளே இருப்பவனுக்குக் கதகதப்பு. வாசலில் நிற்பவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தச் சத்தம் தன்னைப் பற்றித்தானோ என்று அவன் நினைத்தால் அது அவன் தப்பில்லை.

அதற்காக ஆபீஸில் சினிமாவே பேசக் கூடாதா? பேசலாம். 2006 டிசம்பரில் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் மன்மோகன் சிங், ரஜினியின் ‘முத்து’வைக் குறிப்பிட்டார். அந்தப் படம் 1998-லேயே ஜப்பானில் சக்கைப்போடு போட்டிருந்தது. அதாவது, தன் வீட்டுக் கதையைத்தான் சொன்னார். ஆனால், எதிரே இருப்பவர் வீட்டிலும் அது இருக்கிறது என்று தெரிந்து சொன்னார். விஷயமே அதில்தான் இருக்கிறது.

எதிராளிக்குத் தெரியாத கதை என்றால்? உட்கார்ந்து விளக்க வேண்டியதுதான். விளக்கினால் ஜோக் செத்துப்போகும் என்பார்கள். போகட்டுமே! ஒரு மனுஷன் நிம்மதியாகச் சோறு தின்பதைவிட ஜோக் பெரிசா?

தம்பியும் அதைத்தான் செய்தார். செல்போனில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ காட்சியைப் போட்டுக் காட்டினார். சுத்தியல் விழுந்ததும் கண்ணூர்க்காரர் துள்ளிவிட்டார்: ‘‘ஐயோ, இது நம்ம ஜகதி அல்லே!’’

ஆமாம். 2001-ல் வந்த நம்ம ‘ஃப்ரெண்ட்ஸ்’, 1999-ல் மலையாளத்தில் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’தான். ரெண்டுக்கும் சித்திக்தான் டைரக்டர். அங்கே ஜகதி ஸ்ரீகுமார் தலை, இங்கே வடிவேலு தலை! யாரை வெளியாள் என்று நினைத்தார்களோ, அவர் வீட்டிலிருந்து வந்த சிரிப்பு அது. ஒரு பெயர் புரியாததால் ரெண்டு வாரம் ஒரு மனுஷன் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

‘‘இப்போ அவர் எங்களுக்கு ஜகதி காமெடியா போட்டுக் காட்டுறாரு. பாதி புரியலை அண்ணாச்சி. அரை விநாடி லேட்டாத்தான் சிரிக்கிறோம்!’’ என்றார் தம்பி.

சங்கன், பதுமன் என்ற ரெண்டு நாகங்கள் ‘சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா’ என்று மல்லுக்கட்டிய கதை அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே உருவில், சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த பிறகுதான் வழக்கு தீர்ந்ததாம்.

‘‘இதையும் அவர்கிட்ட சொல்லணும்’’ என்றபடி தம்பி கூட்டத்துக்குள் நுழைந்தார்.

முதலிலிருந்து சொல்லுங்க தம்பி. நமக்குத் தெரிந்த கதை அவருக்கும் தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைச்சுடாதீங்க!