கிழிந்த திரையும் வடக்கன்குளத்துச் சுவரும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதையில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றும் நவதிருப்பதிகளுள் முதலாவதாக எண்ணப்படுவதுமான வைகுண்டநாதன் தலம். இரண்டாவது, நம்மாழ்வார் அவதரித்த குருகூர். மூன்றாவது, இயேசு வளர்ந்த கலிலேயச் சிற்றூரின் பெயரைத் தாங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவக் குடியிருப்பாக வளர்ந்த ஊர். தாமிரபரணி நஞ்சையும் வாழைத் தோட்டங்களும் மெல்ல விலகிச் செம்மணல் தேரியும் பனைக்கூட்டமும் தலைகாட்டும் இந்தச் சிறு தொலைவுக்குள், மனிதன் கடவுளிடம் தானே நேராகச் செல்ல முடியுமா, இல்லை ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகள் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்து வருகின்றன. இயேசுவின் மரணத்தால் அந்த நேர்வழி திறந்தது என்னும் கிறிஸ்தவ விடை இந்த மண்ணில் எப்படிப் பொருள்பட்டது, எங்கே இடறியது என்பது ஆராயத் தக்கது.

அந்த விடையின் நடுவே நிற்கும் படிமம் ஒரு கிழிந்த திரை. திரை என்றால் என்ன என்பதை ஸ்ரீவைகுண்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. நிவேதன வேளையில் கருவறை முன் திரை இழுக்கப்படுவதும், உள்ளே மணியோசை மட்டும் கேட்பதும், திரை விலகிய கணத்தில் பின்வரிசையில் நிற்பவர் எம்பிப் பார்ப்பதும், தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்வதும், அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்தருகே உயர்த்திக் காட்டுவதும் அன்றாடக் காட்சிகள். இந்தத் திரை மூடுவதற்காக மட்டும் இருப்பதன்று, விலகுவதற்காகவும் இருப்பது. எருசலேம் ஆலயத்தின் உட்திரை இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. பரிசுத்த ஸ்தலத்தையும் அதற்கு உள்ளேயிருந்த மகா பரிசுத்த ஸ்தலத்தையும் பிரித்து நின்ற அது மக்களுக்காக ஒருபோதும் விலக்கப்பட்டதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளன்று, பிரதான ஆசாரியன் என்னும் தலைமைக் குரு ஒருவர் மட்டும் தம் பொன்னாடைகளைக் களைந்து வெறும் சணல்நூல் உடை உடுத்தி, தூபப்புகை முன்னே எழ, முதலில் தம் பாவத்துக்காகக் காளையின் இரத்தத்தையும் பிறகு மக்களின் பாவத்துக்காக வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தையும் கொண்டு உள்ளே சென்று மீள்வார் என்று லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரம் விதிக்கிறது.

இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது இந்தத் திரை மேலிருந்து கீழாக இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகின்றனர். லூக்கா அதை மரணத்துக்குச் சற்று முன்னதாக வைக்கிறார். மூவரும் அதற்குப் பொருள் சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஆலயத்தின் அழிவுக்கு முன்னறிவிப்பு என்று கொள்வோரும், மகனை இழந்த தந்தை ஆடையைக் கிழித்துக்கொள்ளும் யூதத் துக்கமரபின் சாயல் என்று கொள்வோரும் உண்டு. நுழைவு என்ற பொருளுக்கு வேர், புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இருக்கிறது. பிரதான ஆசாரியன் ஆண்டுதோறும் பிறிதோர் உயிரின் இரத்தத்தோடு போக வேண்டியிருந்தது, கிறிஸ்துவோ தம் இரத்தத்தோடு ஒரே தரம் போனார், அவருடைய உடலே திரை, அது கிழிந்ததால் பின்வருவோர்க்கும் வழி உண்டாயிற்று என்று அந்நிருபம் வாதிடுகிறது. அப்படி நுழைவோரின் மனநிலையைச் சொல்ல அதன் ஆசிரியர் ஆளும் கிரேக்கச் சொல் ‘பரேசியா’. நகரசபையில் அடிமையல்லாத குடிமகன் எழுந்து நின்று அஞ்சாமல் வாய்திறந்து பேசும் உரிமைக்கு வழங்கிய சொல் அது. தமிழ் வேதாகமம் அதைத் ‘தைரியம்’ என்று பெயர்த்திருக்கிறது. உரிமை என்ற பொருள் அச்சொல்லுக்குள் மறைந்து கிடப்பதைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இங்கே எளிதில் தவறவிடப்படும் செய்தி ஒன்று உண்டு. இயேசுவின் காலத்தில் அந்த உள்ளறை வெறுமையாக இருந்தது. முன்பு அங்கே வைக்கப்பட்டிருந்த உடன்படிக்கைப் பெட்டி பாபிலோனியர் படையெடுப்போடு காணாமற்போய்விட்டது. பிறகு கட்டிய ஆலயத்தில் அது திரும்ப வைக்கப்படவில்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே துணிந்து உள்ளே நுழைந்தபோது தெய்வ உருவம் எதுவும் அங்கு இல்லை என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். ஆகவே திரை கிழிந்ததால் யாரும் எதையும் புதிதாகக் காணவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திரை விலகினால் கிடைப்பது தரிசனம். எருசலேமில் திரை கிழிந்ததால் கிடைத்ததாகச் சொல்லப்படுவது பிரவேசம். முன்னதில் பக்தன் வெளியே நின்றபடி நிறைவடைகிறான். பின்னதில் காண ஒன்றுமில்லாத ஓர் இடத்துக்குள் போய்த் தானே பதில் சொல்லும் நிலையில் நிற்கிறான். இரண்டும் ஒன்றே என்று சமரசம் பேசுவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

‘நேரடி’ என்ற சொல்லையும் சற்று நிறுத்தி எடைபோட வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவம் மத்தியஸ்தரை, அதாவது இரு தரப்புக்கும் நடுவே நிற்பவரை, ஒழித்துவிடவில்லை. அவர் ஒருவரே என்கிறது. கிறிஸ்துவுக்குப் பின் வேறு படிக்கட்டு இல்லை என்பதுதான் கோட்பாடு. படிக்கட்டே இல்லை என்பதன்று. இதனோடு ஆழ்வார்திருநகரியின் மரபை வைத்துப் பார்த்தால் வேறுபாடு கூர்மையடைகிறது. பக்கத்துத் திருக்கோளூரில் அந்தணராகப் பிறந்த மதுரகவி, வயதில் இளையவரும் வேளாளர் குடியில் பிறந்தவருமான நம்மாழ்வாரைக் குருவாக ஏற்று, பெருமாளை விட்டு அவரையே பாடினார். ஆசாரியன் போதும் என்ற அந்த நிலை வைணவத்தில் தாழ்ந்ததாக அன்று, உயர்ந்ததாகவே போற்றப்படுகிறது. தாயார் பரிந்துரைத்துப் பெருமாளிடம் சேர்ப்பிப்பதைப் ‘புருஷகாரம்’ என்பார்கள். பெருமாள் கோயில்களில் வந்தவர் தலையில் வைத்து எடுக்கப்படும் சடாரி, இறைவன் திருவடியாகவும் சடகோபன் என்னும் நம்மாழ்வாராகவும் கருதப்படுவது. நடுவில் நிற்பவர் தடையாக இல்லாமல் தொடுகையாக இருக்கும் நிலைக்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது. இடைநிற்பவர் எல்லாரும் சுவர் என்று எழுதிய பழைய மிஷனரிப் பிரசுரங்கள் இந்த மென்மையைக் காணத் தவறியவை.

அந்த மென்மையை உள்ளிருந்து அறிந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்து, கம்பனில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிக’த்தை 1894இல் வெளியிட்டார். பனியனின் கதையில் யாத்திரிகனின் முதுகுச்சுமை சிலுவையடியில் தானாகவே அவிழ்ந்து உருண்டு போகிறது; எந்தக் குருவும் அதைக் கழற்றிவிடுவதில்லை. சரணாகதி கேட்டு வளர்ந்த ஒருவரை அந்தக் கட்டம் ஈர்த்ததில் வியப்பில்லை.

ஆனால் தேரி மக்களுக்கு இந்தப் போதனை வேறு திசையிலிருந்து வந்தது. ஆற்றோரப் பெருங்கோயில்களுக்குள் தேரியில் வாழ்ந்த நாடார்கள் நுழைய முடியாத காலம் அது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கோயில்களின் தெருக்களே அடைபட்டிருந்தன. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்த நாடார்கள்மீது தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவான 1799 முதல், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் காந்தியவாதி வைத்தியநாதையர் அரிசனங்களையும் நாடார்களையும் அழைத்துச் சென்ற 1939 ஜூலை 8 வரை இடையே நூற்று நாற்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. மதம் மாறியோர் அனைவரும் எபிரெயர் நிருபத்தைக் கற்று மாறினர் என்று சொல்வது வரலாறாகாது. நிலவுடைமையாளரின் கெடுபிடி, 1877ஆம் ஆண்டுப் பஞ்சம், பள்ளிக்கூடம், மிஷன் வாங்கித் தந்த மனைநிலம் எல்லாம் அதில் உண்டு. ஆயினும் வாசலில் நிறுத்தப்பட்டே பழகிய ஒருவர் காதில், உள்ளறையின் திரை கிழிந்துபோயிற்று என்ற செய்தி உவமையாக விழுந்திருக்காது. தம் ஊரின் கோயில் மதிலை நினைத்துக்கொண்டுதான் அவர் அதைக் கேட்டிருப்பார்.

கிழிந்ததைத் திரும்பத் தைக்கும் வேலை உடனே தொடங்கிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியுஸ், தம் கல்விக்கூடத்தில் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றபோது எதிர்ப்பு எழுந்தது. திருவிருந்தில், அதாவது இயேசுவின் மரணத்தை நினைந்து அப்பமும் இரசமும் பகிரும் வழிபாட்டில், ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பது பல ஊர்களில் ஜென்மப் பகையைக் கிளப்பிற்று. சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே ஒழிக்க வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சாவூர்ச் சபையின் உயர்சாதியார் முரண்டினர். பாளையங்கோட்டையில் பிறந்த பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றார். இரத்தத்தால் திறந்த வழி அந்த இரத்தத்தின் அடையாளமான கிண்ணத்திலேயே அடைபட்டது. வரலாற்றில் இதைவிடக் கசப்பான நகைமுரண் குறைவு.

வெள்ளைக்காரப் பாதிரியாரும் ஒரு திரையாக ஆகலாம் என்பதை நாசரேத் காட்டியது. மிஷன் பணியில் இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அதன் நிர்வாகத்துடன் பிணங்கியும், நாடார்களை இழிவாகச் சித்திரித்ததாக மிஷனரி கால்டுவெல்லின் நூலைக் கண்டித்தும் வெளியேறி, 1857இல் பக்கத்துப் பிரகாசபுரத்தை மையமாக வைத்து இந்து கிறிஸ்தவச் சபையை நிறுவினார். ஐரோப்பியரின் இடைத்தரகு இல்லாமல் கிறிஸ்துவிடம் போகலாம் என்று புறப்பட்ட அவர் அடைந்த இடம் வியப்பானது: சனிக்கிழமை ஓய்வுநாளும் பழைய ஏற்பாட்டு ஆசாரங்களும் அவருடைய சபையின் அடையாளமாயின. ஒரு திரையைக் கிழித்தவர் கிழிந்துபோன இன்னொன்றைத் தேடி எடுத்தார் என்று இதைக் குறையாகவும் சொல்லலாம். அந்நியர் கையால் பெறாத ஒரு நெறியை மூல நூலிலேயே தேடிய தன்மானம் என்றும் சொல்லலாம். பின்னதே பொருந்தும் என்று தோன்றுகிறது.

இன்றும் தேரிக்காட்டு ஊர்களில் ‘ஐயர்’ என்று அழைக்கப்படும் குருவானவர் வந்து ஜெபித்தால்தான் நோய் தீரும் என்ற எண்ணமும், தொலைக்காட்சியில் தோன்றும் ஊழியருக்கு ஜெபக்குறிப்பும் காணிக்கையும் அனுப்பிவிட்டு நிம்மதியடையும் வழக்கமும் பரவலாக இருக்கின்றன. இதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. நேரே போவது பாரமான காரியம். இடையில் ஒருவர் இருந்தால் பொறுப்பில் பாதியை அவரிடம் இறக்கிவைக்கலாம். சொல் தவறினால் அவர் தவறு, பதில் வராவிட்டால் அவர் குறை. தனியே நின்று தன் வாயால் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டியவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘பரேசியா’ என்னும் உரிமை யாரும் கேளாமல் கொடுக்கப்பட்டதாக இருக்கலாம். அதை எடுத்து ஆள நெஞ்சுரம் வேண்டும். மனிதர் திரையை விரும்புவது கடவுளுக்கு அஞ்சி மட்டுமன்று, தம் முகம் தெரிந்துவிடும் என்று அஞ்சியும்தான்.

பாரத்தின் மறுபாதி இதைவிடக் கடினமானது. தனக்குத் திறந்த வழி பிறருக்கும் திறந்தது. உள்ளே வருபவர் யார் என்று தெரிவு செய்யும் அதிகாரம் நுழைந்தவனுக்கு இல்லை. எருசலேம் ஆலய வெளிமுற்றத்தில் இருந்த தடுப்புச் சுவரை யூதரல்லாத புறவினத்தார் தாண்டினால் மரணம் என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல்வெட்டு ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபம் கிறிஸ்துவின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது நடுச்சுவரின் தகர்ப்பையே முதலில் சொல்லி, தந்தையிடம் செல்லும் வழியை அதற்குப் பின்னரே சொல்வதற்கு இத்தகைய சுவரே பின்னணி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை. சுவர் என்றால் ஸ்ரீவைகுண்டத்தில் யாருக்கும் கோட்டைப்பிள்ளைமார் நினைவுக்கு வருவர். மண்மதிலுக்குள் வாழ்ந்து, தம் பெண்களை அதன் வாயிலைத் தாண்டவிடாமல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இருந்த அச்சமூகத்தைப் பற்றிக் கமலா கணேஷ் ஆய்வு நூலே எழுதியிருக்கிறார். அந்த மதில் உள்ளே இருந்தவரையும் அடைத்தது என்பதை யாரும் மறுக்கவில்லை.

தெற்கே வடக்கன்குளம், கத்தோலிக்கப் புனிதரான தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம், வேளாளருக்கு ஒன்றும் நாடார் முதலானோருக்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட கூடங்களாகப் பிரிந்து ஒரே பீடத்தில் சேரும்படி கட்டப்பட்டது. கால்சட்டை போன்ற கோயில் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இரு கூட்டத்தாரும் ஒரே திருப்பலியைக் கண்டனர், ஒருவரையொருவர் காணாமல். பிரித்து நின்ற தடுப்பை 1910இல் பங்குக்குரு கௌசானல் இடிக்கச் செய்தார். தங்கள் உரிமை பறிபோயிற்று என்று வேளாளர் நீதிமன்றம் சென்று தோற்றனர். எருசலேமில் திரையைக் கிழித்தது கடவுளின் கை என்று சுவிசேஷம் நம்பச் சொல்கிறது. வடக்கன்குளத்தில் அது கடப்பாரை பிடித்த மனிதக் கையால் நடந்தது, அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.