போனவன் விட்டவனா?

எங்க ராசிங்காபுரத்தில் ஒரு முறை உண்டு. அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி, ஆத்தாளுக்கு இளையவன் கொள்ளி. எங்க அம்மா செத்தபோது இளையவன் வரவில்லை. அவன் அமெரிக்காவில் இருந்தான். நான்தான் கொள்ளிக்குடம் தூக்கினேன். 'சின்னவன் எங்கடா?' என்று கேட்காத வாய் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. எனக்கே அவன்மேல் கோபம்.

ராத்திரி போனில் அழுதான். "அண்ணே, இங்க நிரந்தரமாத் தங்குறதுக்கு மனு போட்டிருக்கேன். முடிவு வர்றதுக்குள்ள அனுமதி இல்லாம நாட்டை விட்டுக் கெளம்புனா, மனுவை நானே கைவிட்டதா எடுத்துக்குவாங்க. அவசரம்னு கேக்க வழி இருக்கு. அது கெடைக்கிறதுக்குள்ள நீங்க அம்மாவை எடுத்துருவீங்க."

அவன் சொன்னது சட்டப்படி உண்மை. சில வகை விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு, இவனுக்கு இல்லை. வெளியே போய்த் திரும்புவதற்கு அவர்கள் தரும் அனுமதியின் பெயர் 'அட்வான்ஸ் பரோல்'. பரோல் என்ற சொல் நமக்கு ஜெயிலிலிருந்து தெரியும். ஆயுள் கைதி ஒருவன் தாய் சாவுக்குப் போலீஸ் காவலோடு வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குற்றமும் செய்யாத என் தம்பிக்கு அது வாய்க்கவில்லை.

அவன் செய்தது சரியா? பல மாதங்களாக இதையே யோசிக்கிறேன்.

எங்க அம்மா ஏலத்தோட்டத்துக் கூலி. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மலையில் களையெடுத்து, காய் பறித்து, இருட்டியபின் இறங்குவாள். 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அது வேறு மாநிலம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லை தாண்டியவளை, 'நீ போயிட்ட, ராசிங்காபுரம் இனி ஒன்னுது இல்ல' என்று யாரும் சொன்னதில்லை. 2020 கொரோனாவில்தான் ஜீப் நின்றது, பாஸ் கேட்டார்கள். நிலமில்லாதவளுக்குப் போய்வருவதுதான் பிழைப்பு. போவதும் இருப்பதும் அவளுக்கு ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

சட்டத்துக்கு அப்படியில்லை. இலங்கை மலையகத்தில் இதை நம் ஆட்கள் முன்பே அனுபவித்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களில் மிகப் பலர் தலித்துகள். 1948இல் அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டம் மனு போடச் சொன்னது. 1946 ஜனவரி 1க்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்து தங்கியதே எதிர்ச்சாட்சி ஆனது. 8 லட்சம் பேருக்கு மேல் மனு போட்டார்கள். குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. மிச்சப்பேரை வைத்து 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. காடு திருத்தித் தோட்டம் ஆக்கியவர்களிடம் 'நீ எத்தனை மாசம் வெளியே இருந்தாய்?' என்று கேட்ட சட்டம், தோட்டம் வாங்கி லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதா?

அப்புறம் எனக்கு இன்னொன்று உறைத்தது. மனு போடாமலே நமக்குக் கிடைத்த நிரந்தர வசிப்பிடம் எது? சேரிதான். எவ்வளவு தூரம் போனாலும் அதை மட்டும் நாம் கைவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி சத்திரத்தில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். அந்த மாதிரி அனுபவங்களை அவர் எழுதிவைத்த குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அவர் காத்திருந்தது சொந்த நாட்டுக்குள்ளே. என் தம்பி சம்பளத்துக்காக மட்டும் மனு போடவில்லை. 'எந்தத் தெரு?' என்று யாரும் கேட்காத ஒரு கதவு எண்ணுக்காகவும் போட்டான். அதைத் தொலைத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக அவன் செய்தது சரி என்றும் முடிக்க மாட்டேன். அப்படி முடித்தால் அம்மா சாவு வெறும் செலவுக் கணக்காகிவிடும். அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது, அடைக்கட்டும். ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவனை மட்டும் நிறுத்தியது என் தவறு. தாயை ஒரு பக்கமும் உரிமையை ஒரு பக்கமும் வைத்து 'எது வேணும்?' என்று கேட்கிற சட்டத்தை நானும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஒரு சாவுக்குப் போய்வந்தால் செத்துப்போகிற உரிமைக்கு உரிமை என்று பேர் வைக்கலாமா? அது தயவு. தயவை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது நமக்குப் பழக்கப்பட்டதுதான். அந்தப் பழக்கத்தைத்தான் விடணும்.

நிலத்துக்காகப் பேசினோம், கூலிக்காகப் பேசினோம், கோயில் நுழையவும் தெருவில் நடக்கவும் பேசினோம். போனால் திரும்பிவரும் உரிமைக்காகவும் தோழர்கள் பேச வேண்டும்.

தம்பியின் மனு இன்னும் முடியவில்லை.