வரிசையில் நிற்காதவர்கள்

1961-ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ரூத் கால்வின் என்ற இல்லத்தரசி நாளிதழில் ஒரு கணக்கைப் படித்தார். முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அவர் வாழ்ந்த ஒனொண்டாகா கவுண்டியில் மட்டும் போதிய அளவு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல். நிலவுக்கு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த நாடு அது! இவர்களுக்காக யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். சொல்லிக்கொள்ளும்படி யாரும் எதுவும் செய்யவில்லை. மறு ஆண்டே தொண்டர்களைத் திரட்டிப் பயிற்சி தந்து, ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து சொல்லித்தரும் அமைப்பைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸில் மரனாவோ மக்களிடையே எழுத்தறிவுப் பணி செய்த பிராங்க் லாபாக்கின் அமைப்பும் அதே நகரில்தான் இருந்தது. இரண்டும் 2002-இல் ஒன்றாகி ‘புரோலிட்டரசி’ ஆயின.

இந்த வழியில் வந்த வட்டார அமைப்புகள் இன்று அமெரிக்கா எங்கும் இருக்கின்றன. நூலகத்தில் ஒரு மூலை, தேவாலயத்தில் ஓர் அறை, சம்பளத்துக்கு ஓரிருவர், மற்றபடி தொண்டர்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை நடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் வாசிக்க வராத பெரியவர்களுக்கு எழுத்து. வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம். தொண்டர்களின் நேரமோ கொஞ்சம். அது யாருக்கு முதலில் போக வேண்டும்?

நடப்பில் இதற்கு விடை தானாகவே அமைந்துவிடுகிறது. ஆங்கிலம் கற்க வருபவர்கள் கூட்டமாக வருகிறார்கள், பெயர் பதிகிறார்கள், காத்திருக்கிறார்கள். தாய்மொழியில் நன்றாகப் படித்தவர் என்றால் விரைவாகவும் முன்னேறுகிறார். சொந்த நாட்டில் செவிலியாக இருந்து அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றும் பெண்ணுக்கு ஓராண்டு ஆங்கிலம் கிடைத்தால் வாழ்க்கையே திரும்பிவிடலாம். உள்ளூர்க்காரர் அப்படி வருவதில்லை. படிவத்தை நீட்டினால் ‘கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்’ என்பார். மனைவிக்கே தெரியாமல் நாற்பது ஆண்டுகள் ஓட்டியவர்களும் உண்டு. வந்தாலும் முன்னேற்றம் மெதுவானது. எழுத்தோடு கூடவே சிறுவயதில் வகுப்பில் பட்ட அவமானத்தையும் அவர் கடந்தாக வேண்டும்.

பணம் தருபவர்களின் அளவுகோலும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2014-இன் கூட்டாட்சிச் சட்டப்படி நிதி பெறும் வகுப்புகள், மாணவர் எத்தனை நிலை ஏறினார், படிப்பை விட்டபின் வேலையில் இருக்கிறாரா, என்ன சம்பாதிக்கிறார் என்று கணக்குக் காட்ட வேண்டும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறே அல்ல. ஆனால் இந்தக் கணக்கில், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாளை முதன்முதலாகத் தானே வாசித்த அறுபது வயதுக்காரருக்குப் பெரிய இடமில்லை. விரைவில் ஏறக்கூடியவர்களைச் சேர்த்துக்கொண்டால் அறிக்கை அழகாக வரும். யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. வருபவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டாலே போதும்.

முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பது நியாயமான விதி போலத் தெரிகிறது. பேருந்து நிறுத்தத்தில் அது நியாயம்தான். வெட்கத்தால் வரிசைக்கே வர முடியாதவரிடம் அதே விதியைக் காட்டினால், அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று அறிவித்ததாகும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இல்லை என்பது தேவை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. 2012-இலும் 2014-இலும் நடந்த தேசிய ஆய்வின்படி ஆங்கில வாசிப்பில் அடிமட்டத்தில் இருந்த பெரியவர்கள் சுமார் 4.3 கோடி. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்.

‘அவர்கள் வந்தால்தானே சொல்லித்தர முடியும்?’ என்று கேட்கலாம். 1957-இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினால்தான் வாக்காளராகப் பதியலாம் என்று கறுப்பின மக்களைத் தடுத்துவைத்திருந்த காலம். எசா ஜென்கின்ஸ், செப்டிமா கிளார்க் ஆகியோரின் முயற்சியால் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க முன்பக்கம் மளிகைக் கடை. சொல்லித்தந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் அல்ல, முடி அலங்காரம் செய்பவர். பாடநூலைத் திறக்காமல், ‘நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு ஆரம்பித்தார். மக்கள் இருந்த இடத்துக்கு வகுப்பு போனது, மக்களும் வந்தார்கள். இந்த வகுப்பு முறை பின்னர் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது.

உள்ளூரில் பிறந்தவருக்கு முன்னுரிமை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பிறந்த இடத்தைப் பார்த்துப் பந்தியில் இலை போடுவது அசிங்கம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கவும் முடியாது. புதிதாகக் குடிவந்தவருக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது விருந்தோம்பல். அதே ஊர்ப் பள்ளியில் பத்தாண்டு உட்கார்ந்தும் வாசிக்கத் தெரியாமல் வெளியேறியவருக்கோ அந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. தொண்டர்கள் சிலருக்கு அகதிக் குடும்பத்துக்குச் சொல்லித்தருவதில் உள்ள உற்சாகம் பக்கத்துத் தெருக்காரரிடம் வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அங்கே நன்றி கிடைக்கிறது, புதுச் சாப்பாடும் கிடைக்கிறது. இங்கே தங்கள் ஊரின் குற்றம் எதிரில் வந்து உட்காருகிறது.

முன்னுரிமைக்குச் சரியான அளவு, எந்த மொழியிலுமே எழுத்தறியாமை. அப்படிப் பார்த்தால், ஏட்டைத் தொடவே வாய்ப்பில்லாமல் முகாமில் வளர்ந்த அகதிப் பெண்ணும் சிரக்கியூஸின் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரும் ஒரே பக்கம் நிற்பார்கள். ஆங்கிலம் ஆரம்ப நிலை என்று எழுதி அந்தப் பெண்ணைப் பொறியாளர்களும் கணக்கர்களும் இருக்கும் வகுப்பில் உட்காரவைப்பது சேர்த்துக்கொள்வது போலத் தோன்றும் விலக்கல்தான். அவளும் சில வாரங்களில் நின்றுவிடுவாள். பதிவேட்டில் ‘இடைநிற்றல்’ என்று ஒரு வரி விழும்.

இதற்கு விலை உண்டு. மெதுவாகக் கற்பவர் ஒருவருக்குச் செலவாகும் நேரத்தில் வேறு மூவர் ஆங்கிலத்தில் தேறியிருக்கலாம். அந்த மூவரின் இழப்பும் இழப்புதான். அவர்கள் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். ஆகவே எல்லா நேரத்தையும் ஒரு பக்கம் கொட்டச் சொல்வதற்கில்லை. தொண்டர்களின் நேரத்தில் ஒரு பங்கை எந்த மொழியிலும் எழுத்தறியாதவர்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். அறிக்கையில் எண்கள் குறைந்தாலும், ஒரு மானியம் கைநழுவினாலும், அந்தப் பங்கில் கைவைக்கக் கூடாது. மற்ற நேரம் வரிசைப்படி போகட்டும்.

நன்கொடை தருபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்த ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கும்போது, எழுத்தே அறியாமல் வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.