குளிகையும் ஒழுக்கமும்

உடம்பு மூப்படைதல் இயற்கை. நல்லொழுக்கத்தால் அம்மூப்பின் தளர்ச்சியை ஓரளவு தாழ்த்தலாமென்பதும் உண்மை. ஒழுக்கத்தைக் கைவிட்டு, அதன் பயனை மாத்திரம் குளிகையொன்றாற் பெறலாகுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உட்கொள்ளும் ஒட்சிசன் உடம்பினுள் உணவை எரித்துச் சத்தியை விளைக்குங்கால், கலங்களைப் பழுதாக்கும் சில துணிக்கைகளும் உடன் பிறக்கின்றன. மூப்புக்கு அவையே காரணமென்னுங் கொள்கையை அமெரிக்க அறிஞர் டெனம் ஹார்மன் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவற்றை அடக்கும் பொருள்கள் ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படும். கரற், பப்பாசி, முருங்கையிலை என்பவற்றிலுள்ள பீற்றா கரோட்டீன் அவற்றுளொன்று. இத்தகைய உணவை மிகுதியும் உண்பாரிடத்துச் சுவாசப்பைப் புற்றுநோய் அருகிக் காணப்பட்டமையால், அப்பொருளைத் தனியே பிரித்தளிப்பின் நோய் தடைப்படுமென மருத்துவர் சிலர் கருதினர்.

பின்லாந்து தேசத்திலே, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடத்து இது சோதிக்கப்பட்டது. 1994இல் முடிபு வெளிவந்தது. பீற்றா கரோட்டீன் பெற்றோரிடத்து அந்நோய் குறைந்திலது. பெறாதாரினும் 18 வீதம் மிகுந்திருந்தது. கனியுங் கீரையுந் தீயனவென்பது இதன் கருத்தன்று. தீய பழக்கத்தை விடாதே அதற்கு ஈடு கொடுத்துத் தப்பலாமென்னும் எண்ணமே பொய்த்தது.

இனி, பழக்கத்தையே விட்டாரது நிலையை நோக்குவாம். பிரித்தானிய மருத்துவரை 1951 முதலாக ஆராய்ந்த ரிச்சட் டோல் முதலியோர் 2004இல் வெளியிட்ட முடிபின்படி, சிகரற் பிடிப்போர் பிடியாதாரினும் சராசரி 10 ஆண்டு முந்தி இறந்தனர். 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50இல் விட்டவர் 6 ஆண்டும், 40இல் விட்டவர் 9 ஆண்டும் மீட்டுக்கொண்டனர். விலைகொடாது பெறும் பேறன்றோ இது!

அற்றேல், ஒழுக்கமுடையாருஞ் சிலர் இளமையிலே நோயுற்று மாய்வதென்னையெனின், ஒழுக்கம் நீண்ட ஆயுளுக்கு எழுதிக்கொடுத்த உறுதிச்சீட்டன்று. பிறப்பின்வழி வந்த குறையும், வறுமையும், தற்செயலும் உள. ஆதலின், நோயாளியைக் கண்டு “இவர் என்ன பிழை செய்தாரோ” என வினவுதல் அறிவுமன்று, அருளுமன்று. உடம்பைப் பேணுதல், அது நமக்கும் நம்மைச் சார்ந்தார்க்கும் பயன்படற்குரிய கருவியாதலினாற் கடமையாகும். ஆயுள் நீளுமேல் அது மேல்வரும் இலாபம்.

ஆசிரியராயுள்ளீர்! சுகாதார பாடத்தை நன்கு படிப்பித்துவிட்டு, இடைவேளையில் வேலிக்கப்பால் நின்று புகைபிடிப்பாரிடத்து மாணவர் கற்பது எதுவென்று சிந்திமின். அளவான உணவும், நடையும், உரிய காலத்து உறக்கமும் வாயாற் கற்பிக்கப்படுவன அல்ல; கண்டு பழகப்படுவன.