ஓரறிவுயிரும் உயிர் காக்கும் மருந்தும்

அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்டொழுகும் இல்லறத்தார் முன் அறிவியல் அவ்வப்போது புதிய வினாக்களை வைக்கிறது. திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களிலும் சர்க்கரை நோய் பெருகி, இன்சுலின் ஊசி வீட்டுப் பொருளாகிவிட்ட இக்காலத்தில், அம்மருந்து எவ்வுயிரின் துன்பத்தால் நமக்குக் கிடைக்கிறது என்று ஆராய்வது சிராவகர்க்குரிய கடமையாகும்.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. அதுவரை மரணமே முடிவாயிருந்த நோய்க்கு மாற்று பிறந்தது. ஆனால் அதன் பின் அறுபது ஆண்டுகள் அம்மருந்து பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 8 அவுன்ஸ் தூய இன்சுலினைப் பெற இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தன என்பர். ஓருயிரைக் காக்க எத்தனை ஐயறிவுயிர்கள் மடிந்தன!

1978-இல் அமெரிக்க அறிஞர்கள் வேறு வழி கண்டனர். மனித இன்சுலினுக்குரிய மரபணுவை இரசாயன முறையில் ஆக்கி, ஈ.கோலை என்னும் பாக்டீரியாவினுள் செலுத்தினர். அந்நுண்ணுயிர் மனித இன்சுலினையே உண்டாக்கிற்று. 1982-இல் இது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பின்னர் நம் நாட்டிலும் வோக்கார்ட், பயோகான் ஆகிய நிறுவனங்கள் ஈஸ்ட் என்னும் நொதிப் பூஞ்சையைக் கொண்டு இதனை உற்பத்தி செய்தன. பெயரில் 'மனித' என்றிருப்பினும் இதில் எம்மனிதனின் ஊனும் இல்லை. அமைப்பு மட்டுமே மனிதனுக்குரியது.

அங்ஙனமாயின் குற்றம் முற்றும் நீங்கிற்றா? இல்லை. நொதிப்பு முடிந்தபின் எண்ணற்ற நுண்ணுயிர்கள் அழிக்கப்படுகின்றன. அவையும் உயிர்களே. ஒரு பன்றியைக் கொல்வதினும் கோடி நுண்ணுயிர்களைக் கொல்வதன்றோ பெரும்பாவம் எனச் சிலர் வாதிடலாம். இதனையொத்த வாதத்தை ஆசாரியர் அமிர்தசந்திரர் 'புருஷார்த்த சித்தியுபாயம்' என்னும் நூலில் எடுத்துக்கொண்டு, பல சிற்றுயிர் மடிவதைக் காட்டிப் பேருயிர் ஒன்றைக் கொல்வது தகாது என மறுத்துள்ளார். ஹிம்சையின் அளவு எண்ணிக்கையில் இல்லை. கொல்வோனின் கஷாயத்தையும், கொல்லப்படும் உயிரின் பிராணங்களையும் நோக்கியே அது அளவிடப்படும். ஓரறிவுயிர்க்குப் பிராணங்கள் நான்கு. மனமுடைய ஐயறிவுயிர்க்குப் பத்து. ஆதலின் தவிர்க்க இயலாதவிடத்து, குறைந்த ஹிம்சையுடைய வழியைத் தேர்வதே விவேகமாகும்.

ஆராய்ச்சிக்கூடங்களிலும் இதன் பயன் பெரிது. உயிரணுக்களை வளர்க்கக் கன்றுக் கருவின் குருதிநீர் பயன்பட்டு வருகிறது. இன்சுலின் முதலிய புரதங்களைச் சேர்த்து, அக்குருதிநீர் இன்றியே பலவகை உயிரணுக்களை வளர்க்கும் ஊடகங்கள் இன்று உள்ளன. முயலின் உடலில் செலுத்தி இன்சுலினின் வீரியத்தை அளந்த முறைக்கும் இரசாயனப் பகுப்பாய்வு மாற்றாக வந்துள்ளது. ஆயினும் புதிய மருந்து ஆய்வில் விலங்குகளின் துன்பம் இன்னும் ஒழிந்துவிடவில்லை. இம்மாற்று வழிகளை ஊக்குவிப்பதும் தயையின் செயலேயாம்.

இருவகைப் பிழைகளினின்று நாம் விலகி நிற்றல் வேண்டும். மருந்தில் ஹிம்சை உண்டெனக் கருதி ஊசியை நிறுத்துவது ஒன்று. இன்சுலின் சுரவாத குழந்தைக்கு அதனை மறுப்பது விரதமாகாது, உயிரைப் போக்குவதேயாகும். தன்னுயிர்க்குத் தீங்கிழைப்பதும் ஹிம்சையே. உபவாசம் ஏற்க விழையும் நோயாளர் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்க.

ஓரறிவுயிர்தானே எனக் கருணையைச் சுருக்கிக்கொள்வது மற்றொன்று. சிறிய ஹிம்சை, ஹிம்சை இன்மை ஆகிவிடாது. தேவைக்கு மேல் ஒரு துளியும் வீணாக்காமை, உண்பதில் அடக்கம், இயலாத ஏழைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் ஔஷத தானம் ஆகியவை அக்கடனை உணர்ந்தவர் செயல்கள். நமக்காக மடியும் உயிர் கண்ணுக்குத் தெரியாதது என்பதற்காக, அதற்கு நாம் பட்ட கடனும் தெரியாமற் போய்விடலாகாது.