யாருடைய ரகசியம்?

போன மாதம் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய் குடிப்பதற்குள், "ஏன் தம்பி, கட்டின புருஷனிடம் முப்பது வருஷம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு ஒருத்தி குடித்தனம் பண்ணினால், அதற்குக் குடித்தனம் என்று பேர் சொல்லலாமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறவுக்காரர் வீட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்றே நினைத்தேன். நல்லவேளை, விவகாரம் இங்கிலாந்தைச் சேர்ந்தது. அதுவும் ஒரு நாவலிலிருந்து கிளம்பியது.

அண்ணி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாவல் படிப்பதில் என்னை விழுங்கிவிடுவார். கேட் குவின் என்ற அம்மையார் 2021-ல் எழுதிய 'தி ரோஸ் கோட்' என்ற நாவலை நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது எதிரியின் சங்கேதங்களை அவிழ்க்கும் ரகசிய நிலையத்தில் வேலை பார்த்த மூன்று பெண்களின் கதை அது. சிநேகம், காதல், பிரிவு, கூட இருந்தே காட்டிக்கொடுத்தவன் யார் என்ற மர்மம் எல்லாம் அதில் உண்டு. அதே களத்தில் நானும் ஒரு தொடர்கதை எழுதலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஐந்தாறு அத்தியாயங்கள் எழுதியும் வைத்திருந்தேன். அதனால் அண்ணியின் கேள்வி என்னைக் கொஞ்சம் அதிகமாகவே தைத்தது.

அந்த நிலையம் கற்பனையானதல்ல. லண்டனிலிருந்து சுமார் ஐம்பது மைல் தூரத்தில், ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே ரயில் ஓடிய பாதையில், பிளெட்ச்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பணக்காரரின் பழைய மாளிகை. 1939-ல் யுத்தம் மூளும் தறுவாயில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் சங்கேத இலாகாவை அதற்குள் குடியேற்றியது. மாளிகை போதாமல் தோட்டத்தில் மரக் கொட்டகைகள் முளைத்தன. 1945-ன் தொடக்கத்தில் அங்கே சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள். நாலில் மூன்று பங்கு பெண்கள். பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர்.

ஜெர்மானியர் உபயோகித்த 'எனிக்மா' யந்திரம் பார்ப்பதற்குத் தட்டச்சு யந்திரம் போலத்தான் இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே சக்கரங்கள் சுழல்வதால், அதே எழுத்தை மறுபடி தட்டினால் இன்னொரு விளக்கு. என் கணக்கு அறிவு கல்லூரியின் இரண்டாம் ஆண்டோடு விடைபெற்றுக்கொண்டதால் இதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. யந்திரத்தின் மர்மத்தை முதலில், 1932-லேயே, கண்டுபிடித்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் எழுதும் கதைகளில் பல நேரம் அவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த யந்திரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த எழுத்தைத் தட்டினாலும் அதே எழுத்து மட்டும் வெளியே வராது. இத்தாலியக் கடற்படையும் எனிக்மா வகை யந்திரம் ஒன்றை வைத்திருந்தது. ஒரு நாள் அதிலிருந்து வந்த நீளமான செய்தி ஒன்று மேவிஸ் லீவர் என்ற பெண்ணின் மேஜைக்கு வந்தது. ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவள், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை. அத்தனை நீளச் செய்தியில் அந்த எழுத்து மட்டும் எங்கே போயிற்று? வெற்றுச் செய்தி ஒன்று அனுப்பும்படி உத்தரவு வந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த சோம்பேறி ஒருவன் 'எல்' கட்டையையே விடாமல் தட்டித் தள்ளியிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. ஊகம் சரியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யந்திரச் சக்கரத்தின் அந்தரங்கத்துக்குள் போய்விட்டார்கள்.

இருப்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இல்லாததைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். பெட்டியைத் திறந்தவுடனே எந்தப் புடவை காணவில்லை என்று சொல்லும் பெண்களை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

1941 மார்ச் மாதம், அதே மேவிஸ் அவிழ்த்த ஒரு சிறு செய்தி, மூன்று நாளில் இத்தாலியக் கடற்படை ஏதோ செய்யப் போகிறது என்று காட்டிக்கொடுத்தது. மத்தியதரைக் கடலில் மட்டபான் முனைக்கருகே பிரிட்டிஷ் கப்பல்கள் காத்திருந்து தாக்கின. மூன்று பெரிய போர்க்கப்பல்களும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மூழ்கின. 2,300-க்கும் மேற்பட்ட இத்தாலிய மாலுமிகள் மாண்டார்கள். பிற்பாடு வெற்றி பெற்ற தளபதி கன்னிங்ஹாமே பிளெட்ச்லிக்கு வந்து நன்றி சொன்னார். அப்போது அந்தப் பெண்கள், புதிதாக வெள்ளையடித்த சுவரின் பக்கமாக அவரை நகர்த்திக்கொண்டுபோய், அவருடைய கறுநீலச் சீருடையின் முதுகில் சுண்ணாம்பை அப்பவைத்தார்களாம். மட்டபான் சண்டையின்போது மேவிஸுக்கு வயது பத்தொன்பது. அந்த வயதில் சுவரில் சாய்த்து விளையாடவும் தோன்றும். 2,300 பேருடைய மரணத்தில் தன் பென்சிலுக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பையும் அந்த வயதிலேயே சுமக்க வேண்டியிருந்தது. அதையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

ஆம், சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அரசாங்க ரகசியச் சட்டத்தின்கீழ்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பக்கத்துக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் 'ஆபீஸ் வேலை' என்பதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது. யுத்தம் 1945-ல் முடிந்தது, வாய்ப்பூட்டு முடியவில்லை. 1974-ல் விண்டர்பாத்தம் என்ற பழைய அதிகாரி இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட பிறகுதான், ஆயிரக்கணக்கான வீடுகளில் பாட்டியாகிவிட்ட பெண்கள் வாயைத் திறக்கத் துணிந்தார்கள். அதற்குப் பிறகும் திறக்காதவர்கள் உண்டு.

அண்ணியின் கேள்வி இந்த முப்பது வருஷத்தைப் பற்றியதுதான்.

பெண்களிடம் ரகசியம் தங்காது என்பது நம் ஊர்ப் பேச்சு. அதற்கு மகாபாரதத்தையே சாட்சிக்கு இழுப்பார்கள். யுத்தம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் நேரத்தில், கர்ணனும் உன் தமையன்தான் என்று குந்தி தருமனிடம் சொல்கிறாள். துக்கம் தாங்காத தருமன், இனிப் பெண்களின் மனத்தில் ரகசியம் நிலைக்காமல் போகட்டும் என்று சபிக்கிறான். பிளெட்ச்லிப் பெண்களிடம் அந்தச் சாபம் பலிக்கவில்லை. ஆனால், சாபத்தைவிட அதற்குக் காரணமான மௌனம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. குந்தி மறைத்தாள், அதனால் தம்பி அண்ணனைக் கொன்றான். இந்தப் பெண்கள் மறைத்தார்கள். அதனால் அவர்கள் பக்கத்துக் கப்பல்கள் கரை சேர்ந்தன. பலனை வைத்து ஒன்றைப் பாவம், மற்றொன்றைப் புண்ணியம் என்று தீர்ப்பளிப்பது எளிது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்கூட மெய்யின் இடத்தில் வைக்கத் தகும் என்று வள்ளுவரும் வழிவிட்டிருக்கிறார். கண்ணோட்டத்தைப் பாடிய கையோடு அடுத்த அதிகாரத்திலேயே ஒற்றாடலைப் பாடியவர் அல்லவா அவர்! ஆனால் அண்ணி பலனைக் கேட்கவில்லையே. கணவன் மனைவிக்குள் நியாயம் என்ன என்றுதானே கேட்டார்?

அதற்கு நான் சொன்ன பதில் இது. ரகசியத்தில் இரண்டு விதம். ஒன்று நம்முடையது, மற்றொன்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. குந்தியின் ரகசியம் அவளுடையது. சொல்வதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. சொல்ல வேண்டிய கடமையும் இருந்தது. பிளெட்ச்லிப் பெண்களுடையது அடுத்த வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நகைப்பெட்டி மாதிரி. கணவனிடம் எவ்வளவு ஆசை இருந்தாலும் அதைத் திறந்து காட்ட நமக்கு அதிகாரம் இல்லை.

இந்த வேற்றுமையை நன்றாக உணர்ந்த ஒருவர் அதே நிலையத்தில் இருந்தார். ஆலன் டூரிங் என்ற கணித மேதை. அவரோடு வேலை செய்த ஜோன் கிளார்க், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவள். பெண் என்பதால் அவளுக்கு ஆண்களுக்குரிய சம்பளம் கிடையாது. பதவி உயர்வு கொடுக்க வேறு வழியில்லாமல் 'மொழி வல்லுநர்' என்ற தரத்தில் அவளைச் சேர்த்தார்கள். அவளுக்கோ அந்நிய மொழி ஒன்றும் தெரியாது. 'பதவி: மொழி வல்லுநர், தெரிந்த மொழிகள்: ஒன்றுமில்லை' என்று படிவத்தில் எழுதுவதில் அவளுக்கு ஒரு குறும்பு சந்தோஷம். (ஒரு யுத்தத்தின் போக்கை மாற்றும் ரகசியத்தைப் பெண்ணிடம் நம்பிக் கொடுக்கலாம்; சரிசமச் சம்பளம் மட்டும் கொடுக்கக் கூடாது! இந்த நியாயத்தை அவிழ்க்க எந்தக் கொட்டகையிலும் ஆள் இல்லை.)

1941-ல் டூரிங் ஜோனை மணந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அவள் சம்மதித்தாள். மோதிரமும் போட்டுக்கொண்டாள். அவரோ, தமக்கு ஆண்களிடமே நாட்டம் என்ற உண்மையை அவளிடம் தாமாகவே சொன்னார். அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். ஜோன் அதைக் கேட்டு விலகிவிடவில்லை. ஆனால் அந்த ஆண்டிலேயே, இந்தக் கல்யாணம் சரிப்படாது என்று முடிவு செய்து அவரே நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டார். சிநேகம் முறியவில்லை. 1952-ல் அதே குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. 1954-ல் நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். 2013-ல் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது, யார் யாரை மன்னிக்க வேண்டும் என்ற யோசனையே இல்லாமல்.

எனிக்மாவைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை விடாத மனிதர், தம் சுதந்திரத்தையே பறிக்கக்கூடிய ரகசியத்தைத் தாமாக அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். தம்முடையதைச் சொன்னார், தம்மிடம் ஒப்படைத்ததைக் காத்தார். மணவாழ்க்கை கேட்கும் உண்மை இவ்வளவுதான் என்று நான் அண்ணியிடம் சாதித்தேன்.

ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணா தலையைத் தூக்காமலே, "இவள் என்னிடம் மறைக்கிற ஒரே ரகசியம் சர்க்கரை டப்பா இருக்கிற இடம்தான்" என்றார். அவருக்கு டாக்டர் இனிப்பை விலக்கி மூன்று வருஷமாகிறது.

அண்ணி சிரிக்கவில்லை. "நகைப்பெட்டி என்கிறாயே தம்பி, ஊருக்குப் போனவள் வந்து வாங்கிக்கொண்டு போனால் சரி. இவர்களிடம் யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லையே? பத்தொன்பது வயசிலிருந்து இருபத்து மூன்று வயசு வரைக்கும் அவள் என்ன செய்தாள், எதற்காக அழுதாள், எதைக் கண்டு சந்தோஷப்பட்டாள் என்பதெல்லாம் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. எந்திரத்து ரகசியம் சர்க்காருடையது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வயசு யாருடையது? அது அவளுடையதுதானே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அரசாங்கத்துக்குக் காரணம் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். தன் பூட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்தால் எந்த நாடும் பூட்டை மாற்றிவிடும். ஆகவே உடைத்த கதையை வெளியில் விட முடியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் அது அரசாங்கத்தின் கேள்விக்குப் பதில்; அண்ணியின் கேள்விக்கு அல்ல.

மேவிஸ் ஒருவகையில் பாக்கியசாலி. 1942-ல் அவர் மணந்துகொண்ட கீத் பேட்டியும் அதே நிலையத்தில் சங்கேதம் அவிழ்த்தவர். எதைப் பற்றிப் பேசவில்லை என்பதாவது இருவருக்கும் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் பழைய தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்து பேர் வாங்கினார், 2009-ல் தம் பழைய தலைவரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார், 2013-ல் காலமானார். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள்தான் அதிகம். மகள் யுத்த காலத்தில் எங்கோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள் என்றே நினைத்துக்கொண்டு 1974-க்கு முன்பே கண்ணை மூடிய தகப்பனார்கள் எத்தனை பேரோ! 'யுத்தத்தில் நீ என்னம்மா செய்தாய்?' என்று பிள்ளைகள் கேட்டபோது, 'ஒன்றுமில்லை, ஆபீஸில் இருந்தேன்' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த மௌனம் ஆகாது. நிலவிலோ மழையிலோ ஓர் இடம் பார்த்து, காதல் உச்சத்தில் கதாநாயகி மனத்தைத் திறந்து கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. வாசகர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. ரகசியம் என்று ஒன்றை முதல் அத்தியாயத்தில் வைத்தால் அது உடையும் வரை தூங்கமாட்டார்கள். அதில் தவறில்லை, அவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. என் தொடர்கதையின் ஐந்தாவது அத்தியாயத்தில் என் கதாநாயகியும் ரயில்வே பிளாட்பாரத்தில் தன் காதலனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

வீடு திரும்பியதும் அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். பிளாட்பாரத்தில் அவள் பேசும் ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். ரயில் வருகிறது, அவன் ஏறுகிறான், 'உன் ஆபீஸ் வேலை எப்படி இருக்கிறது?' என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறான். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.