டயரைப் புகைத்தால் பலன் உண்டா?

தொடக்கக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் தரையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். கார் அதில் உருண்டு, ஈரத்தின் விளிம்பில் வந்து நிற்கும். முன்சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடித்திருக்க, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். முதலில் நீராவி எழும், பிறகு வெள்ளைப் புகை, கூடவே ரப்பர் கருகும் வாடை. அதன்பின் கார் கோட்டுக்கு வரும். விளக்குகள் மேலிருந்து கீழாக எரியும். கால் மைல், அதாவது 1,320 அடி, சில நொடிகளில் முடிந்துவிடும். அமெரிக்காவில் வாரக்கடைசிகளில் மெக்கானிக்குகளும் அலுவலகக்காரர்களும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் டிராக் ரேஸ் இது. அந்தப் புகைமூட்டத்துக்குப் பெயர் பர்ன்அவுட்.

நீர், புகை, மாறாத வரிசை. வேடிக்கை பார்ப்பவருக்கு இது ஒரு சடங்காகவே படும். ஓட்டுநரைக் கேட்டால் சிரிப்பார். டயரைச் சூடாக்குகிறேன், அவ்வளவுதான் என்பார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? பலன் தருவது தொழில்நுட்பம், தராதது சடங்கு என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா டயருக்கும் பொருந்துவதில்லை.

ஸ்லிக் என்ற வகையை முதலில் பார்க்கலாம். வெட்டோ கோடோ இல்லாத, மொழுமொழுவென்ற, மிருதுவான ரப்பர். 1950களில் தொடக்ககால ஓட்டுநர்கள் பழைய டயரின் மேல் வழுவழுப்பான ரப்பரை ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிஃப்கின் குடும்பம் எம் அண்ட் எச் என்ற பெயரில் டிராக் ரேஸுக்கென்றே டயர் செய்யத் தொடங்கியது. ரப்பர் உராயும் விதம் பள்ளிப் பாடத்தில் படிக்கும் உராய்வு விதிக்குள் அடங்காது. உராய்வுக் கெழு ஒன்றைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காற்றின் எதிர்ப்பே இல்லாவிட்டாலும் கால் மைலை 9 நொடிக்குள் கடக்க முடியாது. கடைசியில் வேகம் மணிக்கு 200 மைலை எட்டாது. இப்படிக் கணக்குப் போட்டு, இதுதான் எல்லை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1964இல் டான் கார்லிட்ஸ் 200 மைலைத் தாண்டினார். இளகிய ரப்பர், தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. பிய்க்கும்போது எதிர்த்து இழுக்கிறது. எவ்வளவு பற்றும் என்பது வெப்பத்தையும் வழுக்கும் வேகத்தையும் பொறுத்தே அமைகிறது என்பதைக் குரோஷ் என்ற ஆய்வாளர் 1963இல் சோதனைகளால் காட்டினார். ஆகவே ஸ்லிக்கைச் சுழற்றிச் சூடேற்றி, அதன்மேல் ஒட்டிய தூசியையும் பொடிக்கல்லையும் உதறுவது முழுக்க முழுக்கக் காரியம்தான்.

அடுத்தது டிராக் ரேடியல். சாலையில் ஓட்ட அனுமதி உண்டு, மேலே கொஞ்சம் வெட்டும் உண்டு, ரப்பர் மட்டும் பந்தயத்துக்கானது. காரை வீட்டிலிருந்தே ஓட்டி வந்து, பந்தயம் முடிந்து ஓட்டியே திரும்புபவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் உருள்வதில் சக்தி வீணாவது குறைவு. கிளட்ச் மிதித்து கியர் போடும் கார் கிளம்பும்போது விழும் அடியைத் தாங்குவதில் இது ஸ்லிக்குக்குச் சமமில்லை; ஸ்லிக்கின் பக்கச்சுவர் மடிந்து சுருங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ரேடியலுக்குப் புகையும் அளவோடுதான். லேசாகப் புகை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் சுழற்றினால் ரப்பர் வழவழப்பாகிப் பிடி போய்விடும்.

கடைசியில் சாதாரணத் தெரு டயர். நாற்பதாயிரம் மைல் உழைக்க வேண்டும் என்று கெட்டியாகச் செய்த ரப்பர் அது. எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. அதைவிட மோசம், அதன் வெட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டு தொடக்கக் கோட்டில் சொட்டும். அனுபவசாலிகள் தெரு டயர்க்காரரிடம் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போ என்றுதான் சொல்வார்கள். பலரும் கேட்பதில்லை. நேராகத் தண்ணீருக்குள் இறக்கி, நன்றாகப் புகைத்துவிட்டுத்தான் கோட்டுக்கு வருகிறார்கள்.

மாலினோவ்ஸ்கி இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானுடவியலாளர் அவர். அங்கே அமைதியான காயலில் மீன்பிடிக்க மந்திரம் கிடையாது. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரச் சடங்குகள். அறிவு கைகொடுக்காத இடத்தில் சடங்கு வருகிறது என்பது அவர் முடிவு. அழகான விளக்கம்தான், ஆனால் டிராக் திடலில் அது தலைகீழாகிறது. இங்கே ஒவ்வொரு ஓட்டமும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கப்படுகிறது. முதல் 60 அடிக்கு எடுத்த நேரம்கூடச் சீட்டில் அச்சாகிக் கைக்கு வருகிறது. இவ்வளவு அளந்தும் சடங்கு ஒழியவில்லை. ஆயிரத்தில் சில பங்கில் தோற்கும்போது, அந்தச் சில பங்கு எங்கே போனது என்ற கவலை பெரிதாகிறது. அமெரிக்கப் பந்தய உலகில் பச்சை நிறக் கார் ஆகாது, திடலில் வேர்க்கடலை கூடாது என்ற நம்பிக்கைகள் நெடுங்காலம் இருந்தன. நம்பியவர்கள் ஸ்டாப்வாட்ச் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல.

நம் பக்கத்து மீமாம்சகர்கள் இந்தச் சிக்கலை இன்னும் நுட்பமாகப் பிடித்தார்கள். சடங்கைப் பற்றியே சிந்தித்த அவர்கள், கண்ணுக்குத் தெரியும் பலன் இருக்கும்போது தெரியாத பலனைக் கற்பிக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய உதாரணம் வேள்விக்கு நெல் குத்துவது. உமி நீங்குவது கண்கூடான பலன். அதை நகத்தால் உரித்தும் நீக்கலாம். பிறகு எதற்கு, குத்தித்தான் ஆக வேண்டும் என்ற கட்டளை? பல வழிகளில் ஒன்றை மட்டுமே பிடித்துக்கொள்ளும் அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் அவர்கள் காணாத பலனை ஒதுக்கினார்கள்.

அமெச்சூர்கள் பெரும்பாலும் ஓடும் பிராக்கெட் ரேஸை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அங்கே ஓட்டுநர் தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவைக்கிறார். மெதுவான கார் அந்த வித்தியாசத்துக்கேற்ப முன்னால் கிளம்பும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பொதுவாகத் தோல்வி. ஆக, அவருக்கு வேண்டியது அதிகப் பிடி அல்ல, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே பிடி. அதனால் அவர் எப்போதும் அதே காற்றழுத்தம் வைக்கிறார், அதே கியரில் அதே அளவு நேரம் சுழற்றுகிறார். மீமாம்சகர் காணாத பலனுக்கு விட்டுவைத்த இடத்தில், பிராக்கெட் ஓட்டுநருக்குக் கட்டுப்பாட்டின் பலன் நேரச் சீட்டிலேயே அச்சாகி வருகிறது.

அப்படியானால் கோட்டை எங்கே கிழிப்பது? செய்கையை மட்டும் பார்த்துக் கிழிக்க முடியாது. ஸ்லிக் டயர்க்காரரும் தெரு டயர்க்காரரும் செய்வது ஒன்றேதான். பலனை மட்டும் பார்த்தும் முடியாது, ஏனென்றால் பலன் என்னவென்று ஓட்டுநரே பெரும்பாலும் ஊகிக்கத்தான் செய்கிறார். சீட்டு எதிராகச் சொன்னால் விட்டுவிடுவாரா என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒரு காலத்தில் தண்ணீருக்குப் பதில் பிளீச்சை ஊற்றிச் சுழற்றினார்கள். அதன் நெடி ஊரறிந்தது. வெறும் தண்ணீரே போதும் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள், யாரும் துக்கம் காக்கவில்லை. பிளீச் காரியமாகவே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தெரு டயர்க்காரரோ சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்துக்கும் தண்ணீருக்குள்தான் இறங்குகிறார்.

அவரை ஏளனம் செய்வதற்கு முன் ஜான் ஃபோர்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும். ஃபன்னி கார் என்ற வகைப் பந்தயக் காரைத் தொழில்முறையில் ஓட்டிய அவர், டயருக்குத் தேவையானதைத் தாண்டி, ஓடுபாதையில் வெகுதூரம் புகைத்துக்கொண்டே போவதற்குப் பேர்போனவர். பார்வையாளர் வரிசை எழுந்து நின்று கத்தும். அதுவும் கண்கூடான பலன்தான், 60 அடி நேரத்தில் வராது என்பதைத் தவிர. தெரு டயர்க்காரருக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு நண்பர்கள் கைதட்ட நிற்கிறார்கள். டயர் கடைக்காரருக்குக் கிடைக்கும் பலனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.